கூண்டுக்குள் முத்துசெல்வம்

கண்ணாடிக் கூண்டுக்குள்ளே தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான் முத்துசெல்வம். பக்கத்தில், மூக்கில் ரத்தம் ஒழுக, செந்தாடி வைத்த ஒரு தடியன்.

அந்த வீடியோவை இருபதாவது தடவையாகச் செல்போனில் ஓடவிட்டார் சங்கரபாண்டி. வெளியே கோவில்பட்டி வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, கைக்குள்ளே கனடாவின் பெரிய அரங்கம். தரை முழுக்க ஐஸ்.

"இன்னும் எத்தனை மட்டம்தான் அதையே பாப்பீய? பிள்ள மெலிஞ்சிருக்கான், அத ஒருத்தரும் பேச மாட்டேங்கீய," என்றாள் மனைவி கற்பகம்.

"உடம்புதான் மெலிஞ்சிருக்கு, கொழுப்பு குறையலயே. ஐஸ் ஹாக்கில சண்டை போட்டவனத்தான் அந்தக் கூண்டுல உக்கார வைப்பாவளாம். இந்தா பாரு, தடியனை ரெண்டு நிமிஷத்துல வெளிய விட்டுட்டாவ. இவன் எந்திரிச்சு அவனுக்குக் கதவத் திறந்து விட்டுட்டு, திரும்ப உள்ளயே உக்காருதான். அப்போ இவன் செஞ்சது எம்புட்டுப் பெரிய தப்பா இருக்கணும்!"

முப்பது வருஷம் ஹாக்கி மைதானத்தில் நடுவராக விசில் ஊதியவர் அவர். இறுதி ஆட்டத்தில் சொந்த மகனுக்கே மஞ்சள் அட்டை காட்டி வெளியே உட்கார வைத்தவர்.

"கனடாவுல ஐஸ் ஹாக்கி டீம்ல வேலை கெடச்சிருக்குப்பா" என்று மகன் சொன்ன அன்றைக்குத் தெரு முழுக்கக் கடலைமிட்டாய் கொடுத்தார். இப்போது வீடியோ வந்து நாலு நாளாகிறது, தெருவில் தலைகாட்டவில்லை. வீடியோ வந்த அன்றைக்கே டீக்கடையில் ஒருவன் கேட்டுவிட்டான்: "என்ன அண்ணாச்சி, வாரிசு உள்ள போயிட்டாப்ல?"

வாசலில் பைக் வந்து நின்றது. ஹாக்கிப் போட்டி நடத்துகிற சங்கத்தின் செயலாளர் தங்கச்சாமி.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை பைனல். தப்பாட்டம் ஆடாத டீமுக்கு ஒரு கோப்பை வச்சிருக்கோம்லா, அத நீங்கதான் குடுக்கணும்."

"வேற ஆளப் பாருப்பா."

"உங்கள விட்டா யாரு இருக்கா?"

"எம்மவன் கூண்டுல உக்காந்திருக்கத ஊரே பாத்திருக்கு. நான் மேடையேறி ஒழுக்கம் பேசுனா கீழ நிக்கவன் சிரிக்க மாட்டானா?"

தங்கச்சாமிதான் சிரித்தார். "யாரு சிரிக்கா? நம்ம பயலுவ மைதான வாசல்ல பிளக்ஸே வச்சிட்டானுவ. 'கனடாவை அலறவிட்ட கோவில்பட்டிச் சிங்கம்'னு, முத்துசெல்வம் படத்த பனைமர உசரத்துக்குப் போட்டு!"

சங்கரபாண்டிக்கு உடம்பெல்லாம் கூசியது. "அடிச்சதுக்கா பிளக்ஸு?"

"அவன் அடிச்சானோ, கூட உள்ளவன் அடிச்சானோ. நாமளா ஏன் நெனச்சிக்கிடணும்?"

"அப்போ இரு. அவன் வாயாலயே கேக்கேன். அடிக்கலன்னு சொன்னான்னா மேடைக்கு வாரேன். அடிச்சது நெசம்னா, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அந்தக் கோப்பையத் தொடுவேன்?"

சமையலறைக்குள் போய் மகனை அழைத்தார்.

"ஏலே, மறைக்காமச் சொல்லு. யார அடிச்ச?"

"என்னப்பா சொல்லுதீய?"

"கூண்டுல உக்காந்திருந்தியேலே!"



"எப்பா... அதுதான் என் வேலை."

"அடிக்கதா?"

"இல்லப்பா. கதவு தொறக்கது. தப்பு பண்ணிட்டு வாரவன உள்ள விடணும், நேரம் முடிஞ்சா தொறந்து வெளிய விடணும். ரத்தம் கித்தம் சிந்திக் கெடந்தா தொடைக்கணும். ஆட்டம் இல்லாத நாள்ல கேலரி கூட்டுதேன்."

"டீம்ல வேலைன்னு சொன்னியேலே!"

"வேலைன்னுதாம்ப்பா சொன்னேன். ஆடுதேன்னு என்னைக்காவது சொன்னேனா?"

சொல்லவில்லைதான். ஆனால் கோவில்பட்டியில் ஒருவனுக்கு ஹாக்கி டீமில் வேலை கிடைத்தது என்றால், ரயில்வேயோ போலீஸோ பேங்கோ அவனை ஆட்டக்காரனாக எடுத்துக்கொண்டது என்றுதான் பொருள். ஆடுவதுதான் அங்கே வேலை. அதற்கு இன்னொரு பொருள் இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

"எப்பா, அந்தப் பிளக்ஸ் படத்த எனக்கும் அனுப்பியிருக்கானுவ. பாக்கவே வெக்கமா இருக்குப்பா. நீங்களே எல்லாருட்டயும் உள்ளதச் சொல்லிருங்க. நீங்க சொன்னா ஊரு நம்பும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். எல்லாவற்றையும் கேட்டபடி கதவு நிலையில் சாய்ந்திருந்தாள் கற்பகம். "போய்ச் சொல்லுங்க. பிள்ள யாரையும் அடிக்கல, அது போதும்லா," என்றாள்.

முன்னறையிலிருந்து தங்கச்சாமி குரல் கொடுத்தார். "என்ன அண்ணாச்சி, என்ன சொல்லுதான்? நீங்க சொல்லுததுதான் முடிவு!"

மனைவியின் முகத்தைப் பார்க்காமல் அவளைத் தாண்டி முன்னறைக்கு வந்தார் சங்கரபாண்டி.

"அடிச்சிருக்காம்ப்பா. கோப்பைக்கு வேற ஆளப் பாரு."