ஒரே ஒரு நாற்காலி

கையிலிருந்த தண்ணீர் டம்ளர் தளும்ப, மீட்டிங் அறை வாசலிலேயே அண்ணனை மறித்தாள் தங்கை.

"அண்ணா, கம்பெனி போர்டுல அஞ்சு டைரக்டர் நாற்காலி இருக்கு. ஒண்ணே ஒண்ணை எனக்கு விட்டுக்கொடேன்."

"நூறு பங்குல அறுபது என்னோடது. அஞ்சும் எனக்குத்தான். அப்பாவோட அச்சகத்தை இன்னைக்கே விக்கப்போறேன். நீ நின்னுக்கிட்டே வேடிக்கை பாரு!"

செக்ரட்டரி விதியை நினைவூட்டினார். "ஒரு பங்குக்கு அஞ்சு ஓட்டு. பிரிச்சும் போடலாம், ஒரே ஆளுக்கு மொத்தமாவும் கொட்டலாம். அதிக ஓட்டு வாங்கின அஞ்சு பேருக்கு நாற்காலி."

அண்ணனுக்கு முந்நூறு ஓட்டு, தங்கைக்கு இருநூறு. வேண்டியவர் பெயரைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவது அப்பா காலத்து வழக்கம்.

எழுதிக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பேனா நின்றது.

'மனசு இளகிடுச்சோ?' அவள் டம்ளரை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

நல்லவேளை, பேனா மறுபடி ஓடியது.

செக்ரட்டரி எண்ணி முடித்துத் தொண்டையைக் கனைத்தார்.

"சார் எழுதின அஞ்சு பேருக்கும் ஆளுக்கு அறுபது. மேடம் எழுதினது மூணே பேர். ஆளுக்கு அறுபத்தாறுக்குக் குறையலை. மூணு நாற்காலி மேடத்துக்கு, ரெண்டுதான் சாருக்கு."

அண்ணனின் முகம் வெளுத்தது. "அடிப்பாவி! ஜெயிக்கப்போறவ எதுக்குடி அப்படி நடுங்கினே?"

"நான் கேட்டேன்னுதானே வீம்புக்கு அஞ்சு பேரை எழுதினே? அந்த ஒண்ணை விட்டுக்கொடுத்திருந்தா உன் நாலு பேருக்கும் ஆளுக்கு எழுபத்தஞ்சு விழுந்திருக்கும். அச்சகமும் போயிருக்கும்."

தங்கை தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தாள்.

"நீ எங்கே சரின்னு சொல்லிடுவியோன்னுதான் நடுங்கினேன், அண்ணா."