ஆறாம் தரத்துக்கு ஒரு குறுக்கு வழி

பாடசாலை அதிபர் மத்தியூவுக்குத் திடீரென்று கம்பியூட்டர் மேல் பாசம் பிறந்தபோதே ஷிராணிக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

அம்பிட்டியவில் உள்ள அவருடைய கல்லூரியில் ஆறாம் தரத்துக்கு இடம் பிடிக்கக் கண்டியில் பெற்றோர் படாத பாடில்லை. சிபாரிசுத் தொல்லையை ஒழிக்கத்தான் கணினி மூலம் அனுமதி வழங்கும் ஏற்பாட்டை, மென்பொருள் எழுதும் ஷிராணியிடம் ஒப்படைத்திருந்தார்கள். புள்ளியையும் வீட்டுத் தூரத்தையும் பார்த்துக் கணினியே பிள்ளைகளைத் தெரிவு செய்யும். இது ஒழுங்காக ஓடினால் சுற்றுவட்டாரப் பாடசாலைகள் எல்லாம் அவளைத் தேடி வரும். எவராவது புகுந்து விளையாடினால் அவள் பெயர் நாறிவிடும்.

மௌஸைத் தொடவே கூசும் மனிதர் இப்போது அவளருகில் கதிரை போட்டு உட்கார ஆரம்பித்தார்.

"தெரிவான பிறகு ஒரு பேரை மாத்த ஏலுமா மிஸ்?"

"அதிபரோட பாஸ்வேர்ட் போட்டா ஏலும் சேர். ஆனா நீங்க அப்படிச் செய்ய மாட்டீங்கதானே?"

அவர் அசட்டுச் சிரிப்பொன்று சிரித்து, அவளுக்குத் தின்னச் சூடாக ஒரு பெட்டிஸ் வரவழைத்தார். சந்தேகம் உறுதியானது.

முடிவு வெளியாகும் நாள். மண்டபத்தில் பெற்றோர் கூட்டம். "இந்தக் கல்லூரியில் இடம் கிடைப்பது பிள்ளைகள் செய்த பாக்கியம்!" என்று முழங்கிவிட்டு, கைதட்டல் அடங்குமுன் மேடையின் பின்வழியாக நழுவினார் அதிபர்.

கணினி அறைக்குத்தான் போகிறார் என்று ஷிராணிக்குப் புரிந்தது. சாட்சிக்கு உப அதிபர் டொரதி டீச்சரை அழைத்தாள். அதிபர் நாற்காலி மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த டொரதி டீச்சர், விசயத்தைக் கேட்டு முடிக்குமுன் அவளுக்கு முன்னால் ஓடினார்.

கதவைத் தள்ளித் திறந்தார்கள். மத்தியூ திடுக்கிட்டு எழுந்தார். திரையில் 'ஷெரின் மத்தியூ' என்ற பெயர்.

"சொந்த மகளையே களவாச் சேர்க்கிறீங்களா சேர்?" டொரதி டீச்சரின் குரலில் கொண்டாட்டம்.

ஷிராணி குனிந்து பார்த்தாள். ஷெரின் நல்ல புள்ளிகளோடு நேர்வழியிலேயே தெரிவாகியிருந்தாள். 'நிச்சயமாக நீக்கவா?' என்று கேட்டபடி நின்றது கணினி.

மத்தியூ வியர்வையைத் துடைத்தார். "சேர்க்கல்ல டீச்சர், எடுக்கிறேன். இங்கதான் சேர்க்கணும்னு வீட்டுல ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. கம்பியூட்டர் பேரை விழுங்கிருச்சின்னு சொல்லிக்கலாம்னு பார்த்தேன். இந்த ஸ்கூல் எப்படின்னு ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்தானே?"

டொரதி டீச்சர் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்தார்.

"என் மகள் பேரும் அதுலதான் இருக்கு சேர். கையோட அதையும் எடுத்துருங்க."