ஊசி தோஷம்

நட்சத்திரப் பொருத்தம் மலையேறி, இரத்தத்திலுள்ள நோயெதிர்ப்பு அணுக்களின் ஏற்பிகளை வைத்துக் கல்யாணப் பொருத்தம் பார்க்கும் காலம். மாசிலாமணியின் மகள் மகிழினிக்குப் பத்துக்குப் பத்தும் பொருந்தி நிச்சயமும் ஆகியிருந்தது. போன வாரம் அவளை நாய் கடிக்க, தடுப்பூசி போட்டார்கள். அதில் ஏற்பிகள் மாறிப்போய், மறுபரிசோதனையில் நாலு பொருத்தம்தான் மிஞ்சியது.

மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில், “இது ஊசி தோஷம். மாப்பிள்ளைக்கும் அதே ஊசியைப் போட்டா சரியாயிடும்” என்றார் தரகர்.

“தோஷம் பொண்ணுக்கு, பரிகாரம் எம்புள்ளைக்கா?” என்று சீறினாள் மாப்பிள்ளையின் அம்மா.

மாசிலாமணி குழைந்தார். “உயிர் போற விஷயமாச்சே, சம்பந்தியம்மா…”

“தாலி ஏறுற வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா?” என்றபடி, மகிழினியைக் கடித்த தன் செல்ல நாயை மடியில் தூக்கிவைத்துக் கொஞ்சினாள் அவள்.