இடது பக்கத் தோகை

குடும்பநல நீதிமன்றத்தின் சந்திப்பு அறையில், சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் மகளைப் பார்க்க சிவகடாட்சத்துக்கு அனுமதி உண்டு. இந்த வாரம் ஏழு வயது மகிழினி ஓவிய நோட்டோடு வந்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்குத் தோகை விரித்த மயில் வேண்டுமாம். “அவ்ளோதானா? அப்பா மயில்ல டாக்டர் பட்டம் வாங்கினவன் குட்டி” என்றான். வந்தது வாத்துதான். கொண்டை வைத்த பிறகு, போனால் போகிறதென்று அவள் அதை மயிலாக ஒப்புக்கொண்டாள். எதையும் முழுசாக முடிக்கத் தெரியாதவர் என்று விவாகரத்து மனுவில் மனைவி எழுதியிருந்தாள். அதில் பொய்யும் அதிகமில்லை. இந்த மயிலையாவது முடித்து அனுப்பிவிட வேண்டும் என்று, விசிறிபோல் கோடுகள் இழுத்து, நுனிக்கொரு கண் வைத்துக்கொண்டே போனான். வலது பக்கம் முடித்து நிமிர்ந்தால், இடது பக்கத்தில் நாலைந்து இறகுகளைக் காணோம்.

“அப்பா, இங்க மொட்டையா இருக்கு.”

“இப்பத்தானே போட்டேன்?”

“போடலப்பா. நீங்க மறந்துட்டீங்க.”

கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று நினைத்தபடி மறுபடி வரைந்தான். இப்போது வலது பக்கம் குறைந்தது.

“நேரமாச்சு சார். முடிஞ்சுதா?” வாசலிலிருந்து பெண் ஊழியர் கேட்டார். அவசரமாகக் குனிந்தபோதுதான், நோட்டின் ஓரத்தில் ரப்பர் தூள் குவிந்திருப்பதைப் பார்த்தான். மகள் ஒரு கையை மேசைக்கடியில் இறுக மூடிவைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் பென்சிலை நிறுத்தினான்.

“இல்ல மேடம்,” என்றான். “இது ரொம்பப் பெரிய மயில்.”

கையெழுத்துப் போடும் பதிவேட்டை அவர் நீட்டியபடியே நின்றார்.