உணர்வுள்ளவை

"இன்னிக்கு நீ ஒரு வேலையும் செய்ய வேணாம். நல்லா ரெஸ்ட் எடு," என்றார் தத்துவப் பேராசிரியர்.

"ரெண்டு நாளா நீ முனகுறது என் காதுல விழுந்துக்கிட்டேதான் இருக்கு. உனக்கு வாய்விட்டுச் சொல்லத் தெரியாது, எங்களுக்குக் கேக்கத் தோணாது. ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது உன்னைச் சும்மா விட்டிருக்கோமா?"

அவர், உயிர் எப்படித் தோன்றியது, உணர்வு எங்கிருந்து வந்தது என்று இருபது வருடம் ஆராய்ந்தவர். மற்றவர் படும் பாடு அவருக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

அழுக்குத் துணிக் கூடையைக் காலால் தள்ளிக்கொண்டு அவர் மனைவி வந்தாள்.

"வாஷிங் மெஷின்கிட்ட என்னங்க பேச்சு? நகருங்க, துணி போடணும்."

"போடக் கூடாது. உயிர் வர்றதுக்கு முன்னாடியே உணர்வு வந்தாச்சு, எல்லாப் பொருளுக்கும் அது உண்டுன்னு புத்தகமே எழுதியிருக்கேன். இதைப் போய் எப்படி வதைக்கிறது? இன்னிக்கு ஒரு நாள் நீ கையால துவைச்சுடேன்."

"எனக்குத் தோள்பட்டை பிசகியிருக்கு. கையை அசைக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. முந்தாநாள்லேர்ந்து உங்ககிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன்."

"அப்படியா? என் காதுல விழலையே."

மனைவி அவரையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இனிமே என்னையும் வீட்டுல இருக்கிற ஒரு பொருளா நினைச்சுக்குங்க," என்று கூடையை அவர் பக்கம் தள்ளிவிட்டுப் படுக்கப் போனாள்.

பேராசிரியர் யோசித்துப் பார்த்தார். அவருடைய கோட்பாட்டில் அதற்கு இடம் இருந்தது. வாளி எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.