தரைவிரிப்பில் ஒரு பயிற்சி வகுப்பு

மனிதகுலத்தின் வலியனைத்தும் இன்று பிற்பகலோடு முடிவுக்கு வருகிறது. அப்படித்தான் பேனர் சொல்கிறது. அதன் ஒரு முனை மட்டும் சுவரில் ஒட்டாமல் வலி நிபுணரின் தலையில் விழுந்துகொண்டே இருக்கிறது. அலுவலகத்தார் தரைவிரிப்பில் கண்மூடி உட்கார்ந்திருக்க, வரவழைக்கப்பட்ட அந்த நிபுணர் காலர் மைக்கில் உருகுகிறார்: "உங்க முதுகு எப்பவோ ஆறிடுச்சு. ஆனா தினம் தினம் பயந்து பயந்து, அபாய மணியை நிறுத்தவே மூளைக்குத் தெரியல. அதனால வலி பொய்யில்ல. நிஜம்." அலுவலகத்தில் 'நாடகக்காரர்' என்று பெயர் வாங்கியிருக்கும் கணக்கர் உதட்டைக் கடித்துக்கொள்கிறார். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்ததிலிருந்து வீட்டில்கூட யாரும் நம்பாத முதுகு அவருடையது. காதோரம் ஏறிக் கிடந்த தோள்கள் மெல்ல இறங்குகின்றன. ஜன்னல் வெயில் முழங்காலில் விழுகிறது. வலி இல்லை. அப்போது வராந்தாவில் மேலாளரின் ஷூ கிறீச்சிடுகிறது. கண் திறக்காமலே எல்லாத் தோள்களும் ஒருசேர ஏறுகின்றன. கணக்கரின் இடுப்பில் பழைய கத்தி திரும்புகிறது. "என்ன நாடகக்காரரே, எல்லாம் மூளையிலதானாமே? அப்ப எழுந்து வேலையைப் பாருங்க" என்கிறார் மேலாளர் வாசலில் நின்றபடி. கணக்கர் நிபுணரைப் பார்க்கிறார். "சார், நிஜம்னு சொன்னீங்களே, அதை இவர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்க." நிபுணர் மைக்கை அணைத்துவிட்டு மேலாளரைப் பார்த்துச் சிரிக்கிறார். "கொஞ்சம் மனசு வெச்சா எழுந்துடுவார் சார்." கணக்கர் கையை ஊன்றிப் பார்க்கிறார், முடியவில்லை. தூக்கிவிட இரண்டு பேர் குனிகிறார்கள். நிபுணர் குனியவில்லை. அவர் சட்டைக்குள் முதுகுவலிக்கான இடுப்பு பெல்ட் கட்டியிருக்கிறார்.