முதல் வரிசைக் குடை

"முதல்ல உட்காருங்கம்மா. இந்த வருஷம் உங்களுக்கு முதல் வரிசை கிடைச்சிருக்கு."

வண்ணம் பூசிக்கொண்டிருந்த தூரிகையை ஓரமாக வைத்துவிட்டு, எஜிஸ்தோ பெருமிதத்துடன் கூறினார். இத்தாலியின் லிகூரியக் கடற்கரையில் தம் தந்தை விட்டுச்சென்ற நிழற்குடை வரிசைகளைக் கோடைதோறும் வாடகைக்கு விடுபவர் அவர். தூரின் நகரிலிருந்து காலை ரயிலில் வந்திறங்கிய நிவெஸ் அம்மையார், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இளவெயிலில் அமர்ந்தார்.

கணவரை இழந்த அவருக்கு மூன்றாம் வரிசையில் பல்லாண்டுகளாக ஒரு குடை உண்டு. ஆயினும் மே மாதம் பிறந்தால், முதல் வரிசைதான் வேண்டுமென்று எஜிஸ்தோவைத் துளைத்தெடுப்பார். ஒருமுறை, மருத்துவர் கடற்காற்று வாங்கச் சொன்னார் என்பார். மறுமுறை, முன்னால் இருக்கும் மிலான்காரரின் வழுக்கைத் தலை கடலையே மறைக்கிறது என்பார். முதல் வரிசையோ பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் போவது. உயிருடன் இருக்கும் எவரும் அதை விட்டுக்கொடுத்ததாக எஜிஸ்தோவுக்கு நினைவில்லை. "அங்க யாரும் இன்னும் சாகலையேம்மா" என்று சிரித்து, அவரை அனுப்பிவைப்பதே வழக்கம்.

இன்று அந்த வேடிக்கைப் பேச்சு வரவில்லை. அதைக் கவனித்த நிவெஸின் முகம் மாறியது.

"எந்தக் குடை?"

"ஆறாம் நம்பர். அலை வந்து காலைத் தொடும். இந்தக் கரையிலேயே அதைவிட நல்ல இடம் கிடையாது."

ஆறாம் எண், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் எர்மான்னோவுடையது. மனைவியும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. கடலில் குளித்து எழுந்ததும் மூன்றாம் வரிசை வரை நடந்துவந்து, தண்ணீர் இன்று எப்படி என்று அறிவித்துவிட்டுத் திரும்புவது அவருடைய பழக்கம்.

"எப்போ?" என்றார் நிவெஸ்.

"போன வாரம்."

"அடக்கத்துக்கு யாராவது வந்தாங்களா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, எஜிஸ்தோ."

எஜிஸ்தோ திகைத்துப் போனார்.

"அடக்கமா? நல்லா கேட்டீங்க. அந்த மனுஷன் குத்துக்கல்லாட்டம் இருக்காரு. நேர்ல வந்து அவரேதான் குடையை விட்டுக்கொடுத்தாரு. கடலைப் பார்த்துப் பார்த்துச் சலிச்சுப்போச்சாம். மூணாவது வரிசையில, உங்களுக்குப் பக்கத்துக் குடையைக் கேட்டு வாங்கிட்டுப் போயிருக்காரு. வயசானா புத்தி இப்படித்தான் போகும்போல."

நிவெஸ் கைப்பையைத் திறந்து, கைக்குட்டையால் கண்களை ஒற்றிக்கொண்டார். சிறு கண்ணாடியை எடுத்து முன்தலை முடியைச் சரிசெய்தார்.

"ஆறாம் நம்பரை வேற யாருக்காவது கொடுத்துடு, எஜிஸ்தோ" என்றார். "எனக்கும் இந்தக் கடல் சலிச்சுப்போச்சு."